முதல் குவில்ட்: வெட்டுவதில் தொடங்கி ஓரப்பட்டி வரை

குவில்ட், அதாவது நடுவே பஞ்சு வைத்து மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை, தைக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தத் தையல் இயந்திரம் வாங்கலாம் என்பதுதான். அந்தக் கேள்விக்கு அவ்வளவு அவசரம் இல்லை. நேராகத் தைக்கிற எந்த இயந்திரமும் போதும். பொறுமை இருந்தால் கையூசியே போதும். குவில்டின் தலையெழுத்து துணியை வெட்டும் மேசையிலும், இஸ்திரிப் பெட்டியின் அடியிலும், மூன்று அடுக்குகளையும் விரித்துப் போடும் தரையிலும்தான் எழுதப்படுகிறது. அந்த மூன்று இடங்களில் கவனமாக இருந்தால், சுமாராகத் தைப்பவரும் நல்ல குவில்ட் செய்துவிடலாம். அங்கே கோட்டைவிட்டால், தேர்ந்த தையற்காரரின் கையிலும் அது கோணிக்கொண்டு நிற்கும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு குவில்டைத் தொடங்கி முழுமையாக முடிப்பது பற்றியது. சதுரங்கள் மட்டும் கொண்டது; அளவு 36 அங்குலத்துக்கு 45 அங்குலம். குழந்தைக்குப் போர்த்தலாம், பெரியவர்கள் மடியில் போட்டுக்கொள்ளலாம். முதல் முயற்சியையே கட்டில் அளவில் தொடங்க வேண்டாம். அந்த அளவில் மேல்துணியைத் தைத்து முடித்தாலும், பஞ்சோடு சேர்ந்த அத்தனை எடையையும் இயந்திரத்தின் குறுகிய கைக்குள் நுழைத்துத் தைக்கும் கட்டத்தில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

அளவுகளை அங்குலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கலைக்கான அளவுகோல்களும் வடிவமைப்புகளும் பெரும்பாலும் அங்குலக் கணக்கில்தான் வருகின்றன. பாதியில் சென்டிமீட்டருக்கு மாற்றிக் கணக்கிட்டால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

மூன்று அடுக்குகள்

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி. இந்த மூன்றையும் ஊடுருவி அவற்றை ஒன்றாகப் பிடித்திருக்கும் தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணியை உருவாக்குவது ஒட்டுவேலை. அது தனி வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான், மேல்துணி முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. உண்மையில் அப்போது பாதி வழிதான் வந்திருப்போம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்யப்பட்ட டிரிஸ்டன் குவில்டில் ஒட்டுவேலையே கிடையாது. இரண்டு லினன் துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்து, உருவங்கள் அனைத்தையும் தையலாலேயே புடைத்து எழச் செய்திருக்கிறார்கள்.

துணி

முதல் குவில்டுக்கு நூறு சதவீதப் பருத்தி, நெருக்கமான நெசவு, எல்லாம் ஏறக்குறைய ஒரே கனம். இழுத்தால் நீளும் பனியன் துணியும் வழுக்கும் செயற்கை இழைத் துணியும் இப்போது வேண்டாம். பழைய பருத்திச் சட்டைகளைப் பயன்படுத்தலாம். ஆனால் முழங்கை, கழுத்துப் பட்டி போன்ற தேய்ந்த இடங்களைத் தவிர்த்துவிட்டு வெட்டுங்கள்.

நாம் தைக்கப்போவதற்கு 5 அங்குலச் சதுரங்கள் 80 தேவை. வரிசைக்கு 8, மொத்தம் 10 வரிசைகள். ஐந்து துணிகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றிலும் 16 சதுரங்கள். சுமார் 42 அங்குல அகலமுள்ள துணியில் 5 அங்குலப் பட்டை ஒன்றிலிருந்து 8 சதுரங்கள் கிடைக்கும். ஆகவே ஒரு துணிக்கு இரண்டு பட்டைகள். ஓரத்தை நேராக்கவும் துவைத்தால் சுருங்கவும் இடம் விட்டு, ஒவ்வொன்றிலும் 35 செ.மீ. வாங்குங்கள். அடித்துணிக்கு அதே அகலத்தில் ஒன்றரை மீட்டர். விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓரப்பட்டிக்கு 40 செ.மீ. பஞ்சு விரிப்பு குறைந்தது 41க்கு 50 அங்குலம்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு அடர்த்தி என்பதே முக்கியம். சிவப்பும் பச்சையும் கையில் வைத்துப் பார்த்தால் முற்றிலும் வேறாகத் தெரியும். இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால், நான்கு அடி தள்ளி நின்று பார்க்கையில் கலந்துபோய் ஒரே மேகமாகத் தெரியும். வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று வகையும் இருக்கட்டும். துணிகளை அருகருகே வைத்து, கைப்பேசியில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். ஐந்தும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்தால் ஒன்றிரண்டை மாற்றிவிடுங்கள். எல்லாமே பெரிய பூப்போட்ட துணிகளாக இருந்தால் கண் எங்கும் நிற்காது. சிறிய அச்சு ஒன்று, வெறும் நிறம் ஒன்று கலந்திருப்பது நல்லது.

வெட்டும் முன் துவைக்க வேண்டுமா? இதில் குவில்ட் தைப்பவர்களிடையே ஓயாத சண்டை உண்டு. துவைக்காத துணி விறைப்பாக இருப்பதால் வெட்டவும் தைக்கவும் எளிது. துவைத்த துணி பின்னால் சாயம் விட்டு வயிற்றில் புளியைக் கரைக்காது. அடர்சிவப்பும் கருநீலமும் இருந்தால் துவைத்துவிடுங்கள் என்பதே என் கட்சி. சந்தேகம் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஏற்கெனவே 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி விற்கும் கட்டுகளை மட்டும் துவைக்கக் கூடாது. ஓரம் பிரிந்து அளவு போய்விடும்.

துணியின் திசையையும் இங்கேயே கவனியுங்கள். கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் ஏறக்குறைய நீளவே நீளாது. ஊடை கொஞ்சம் நீளும். மூலைவாட்டில், அதாவது கிராஸாக இழுத்தால் தாராளமாக நீளும். ஆகவே சதுரத்தின் நான்கு பக்கங்களும் பாவுக்கும் ஊடைக்கும் இணையாக அமைய வேண்டும். தறியில் நெருக்கமாக நெய்யப்பட்ட கரையைச் சதுரத்துக்குள் சேர்க்காதீர்கள். துவைத்ததும் அது வேறு அளவில் சுருங்கும்.

கருவிகள்

உருளும் கத்தி, அதாவது ரோட்டரி கட்டர், 45 மி.மீ. அலகு கொண்டது. அதற்கு அடியில் போடும் கட்டிங் மேட். 6க்கு 24 அங்குலம் உள்ள, ஊடுருவிப் பார்க்கக்கூடிய அக்ரிலிக் அளவுகோல். இந்த மூன்றும் சேர்ந்தே இயங்குபவை. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் ரோட்டரி கட்டரைக் கொண்டுவருவதற்கு முன்பு, அட்டை அச்சு வைத்துக் கோடு போட்டு ஒவ்வொரு துண்டையும் கத்தரியால்தான் வெட்டினார்கள். இன்றும் அப்படி வெட்டலாம். நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். பணத்தை எங்கே செலவிடுவது என்று யோசித்தால், அளவுகோலில் செலவிடுங்கள். கோடுகள் துல்லியமாக அச்சிடப்படாத மலிவான அளவுகோல் எல்லா வேலையையும் கெடுக்கும்.

மற்றவை சாதாரணமானவை: மெல்லிய குண்டூசிகள், சுமார் 100 ஊக்குகள், தையல் பிரிப்பான், இஸ்திரிப் பெட்டி, 50 என்ற எண்ணுள்ள பருத்தி நூல் (எண் கூடக் கூட நூல் மெல்லியது). இயந்திர ஊசி துண்டுகளை இணைக்க 80/12, மூன்று அடுக்குகளைத் தைக்க 90/14. புதிய ஊசியோடு தொடங்குங்கள். தைக்கும்போது 'டக் டக்' என்று ஒலி கேட்டால் ஊசி மழுங்கிவிட்டது என்று பொருள்.

ஒரே ஒரு கூடுதல் செலவை மட்டும் பரிந்துரைப்பேன்: வாக்கிங் ஃபுட். ஃபுட் என்பது ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம். சாதாரண இயந்திரத்தில் ஊசிக்கு அடியில் உள்ள பற்கள் அடித்துணியை மட்டுமே நகர்த்தும், மேல்துணி பின்தங்கும். இந்த ஃபுட் மேலிருந்தும் துணியை நகர்த்துவதால் மூன்று அடுக்குகளும் சேர்ந்தே போகும்.

கட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் அலகு சவரக் கத்திக்குக் குறைந்ததல்ல. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் மூடிவிடுங்கள். உடலிலிருந்து வெளிநோக்கி மட்டும் தள்ளி வெட்டுங்கள். அளவுகோலைப் பிடித்திருக்கும் கையின் விரல் எதுவும் விளிம்பைத் தாண்டக் கூடாது. வெட்டும்போது அங்கங்கே இழைகள் அறுபடாமல் நின்றால் அலகை மாற்றுங்கள்; மழுங்கிய அலகை அழுத்தி வெட்டும்போதுதான் கை வழுக்கும். மேட்டை வெயிலிலோ சூடான இடத்திலோ வைத்தால் வளைந்துவிடும். பிறகு நிமிராது.

வெட்டுதல்

துணியை நன்றாக இஸ்திரி போடுங்கள். கரையோடு கரை சேர இரண்டாக மடித்து, கரைகளைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். மடிப்புப் பகுதியில் சுருக்கம் தெரிந்தால், கரை ஒன்றை இடமோ வலமோ சற்று நகர்த்துங்கள். மடிப்பு தொய்வின்றி நேராகத் தொங்கும் வரை நகர்த்த வேண்டும். வெட்டிய விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். பரவாயில்லை, அவற்றை எப்படியும் நறுக்கப்போகிறோம்.

துணியை மேட்டில் வைத்து, அளவுகோலின் குறுக்குக்கோடு ஒன்றை மடிப்போடு பொருத்தி, முதல் ஓரத்தை நறுக்கி நேராக்குங்கள். இந்த முதல் வெட்டுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மடிப்புக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால், பட்டையை விரித்ததும் நடுவில் வளைந்து, ஆங்கில 'வி' எழுத்தைப் படுக்கவைத்தது போல் தெரியும். பிறகு நறுக்கிய ஓரத்திலிருந்து 5 அங்குலம் அளந்து பட்டை வெட்டுங்கள். அளப்பது எப்போதும் அளவுகோலின் கோட்டால். மேட்டில் உள்ள கட்டங்களை நம்பாதீர்கள். இரண்டு மூன்று பட்டைகளுக்கு ஒருமுறை ஓரம் இன்னும் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் மீண்டும் நறுக்குங்கள். கரைகளை வெட்டி நீக்கிவிட்டு, பட்டையைச் சதுரங்களாக வெட்டுங்கள்.

மெல்லிய துணி நழுவினால், வெட்டும் முன் கஞ்சி தெளித்து இஸ்திரி போடுவது பெரிய உதவி.

விரித்துப் பார்த்தல்

தரையில் எட்டுக்குப் பத்தாகச் சதுரங்களை அடுக்குங்கள். முற்றிலும் தற்செயலாக அடுக்குவது கேட்பதற்கு எளிது, செய்வது கடினம்; ஒரே துணி எப்படியோ அருகருகே வந்து சேரும். அடர்த்தியான சதுரங்கள் ஒரே மூலையில் குவியாமல் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். படம் எடுத்து, சிறிதாக்கிப் பாருங்கள். குறையிருந்தால் உடனே தெரியும். முடிவானதும் ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி, மேல் துண்டில் வரிசை எண்ணைத் தாளில் எழுதிக் குத்திவையுங்கள்.

கால் அங்குலம்

குவில்டில் தையலுக்குப் பிடிக்கும் துணி கால் அங்குலம் மட்டுமே. சட்டை தைத்துப் பழகியவர்களுக்கு இது பயமாக இருக்கும், ஆனால் போதும். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த பிறகு இந்த விளிம்புகள் உள்ளே அடங்கிவிடுகின்றன.

உங்கள் இயந்திரத்தில் அந்தக் கால் அங்குலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அளவுகோலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலக் கோட்டின் மேல் ஊசியை மெதுவாக இறக்குங்கள். அளவுகோலின் ஓரத்தை ஒட்டி, இயந்திரத் தட்டில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டுங்கள். துணியின் விளிம்பு இனி அந்த நாடாவை உரசிக்கொண்டே போக வேண்டும்.

ஒட்டிவிட்டதால் சரி என்று நம்பிவிடாதீர்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று துண்டுகளை வெட்டி, அருகருகே இணைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுத்துண்டு சரியாக 1 அங்குலமும், மொத்த அகலம் மூன்றரை அங்குலமும் இருக்க வேண்டும். குறைவாக வந்தால் நாடாவை ஊசிப் பக்கம் ஒரு நூலளவு நகர்த்துங்கள். பெரும்பாலும் அப்படித்தான் நேரும். ஏனென்றால் துணி மடங்கித் திரும்பும் இடம் இரண்டு மூன்று இழை அகலத்தை விழுங்கிவிடுகிறது.

இவ்வளவு அலட்டல் எதற்கு? ஒவ்வொரு தையலிலும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து 1/8 அங்குலம் போகும். ஒரு வரிசையில் 7 தையல்கள். ஆக 7/8 அங்குலம் காணாமல் போகும். எல்லா வரிசைகளிலும் ஒரே அளவில் தவறினால் சதுரக் குவில்டில் யாருக்கும் தெரியாது. ஒரு வரிசை சரியாகவும் அடுத்தது தவறாகவும் இருந்தால்தான் மூலைகள் சேராது. எனவே முதல் குவில்டில் கால் அங்குலம் அச்சாக வருவதைவிட, எல்லாத் தையலும் ஒன்றுபோல் இருப்பது முக்கியம்.

தையல் நீளத்தை 2 முதல் 2.2 மி.மீ. வரை வையுங்கள். இரண்டு சதுரங்களின் நல்ல பக்கங்களைச் சேர்த்து வைத்துத் தையுங்கள். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை வெட்டாமல், இரண்டு மூன்று வெற்றுத் தையல்கள் ஓடவிட்டு அடுத்த ஜோடியை நுழைத்துவிடலாம். மாலையாகக் கோத்துக்கொண்டே போய், கடைசியில் வெட்டிப் பிரித்துக்கொண்டால் நூலும் நேரமும் மிச்சம். தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் தையல் தேவையில்லை. அடுத்து வரும் குறுக்குத் தையல் அதைப் பூட்டிவிடும்.

இஸ்திரி

தைத்த வரிசையை விரித்து இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் சதுரம் சாய்சதுரமாக மாறும். பெட்டியை வைத்து அழுத்த வேண்டும், தூக்க வேண்டும், அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முதலில் தையலைத் தைத்தபடியே, விரிக்காமல் ஒருமுறை அழுத்துங்கள். இழைகள் துணியில் படியும். பிறகு விரித்து, நல்ல பக்கத்திலிருந்து அழுத்துங்கள்.

தையலின் உள்விளிம்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை இங்கேயே தீர்மானியுங்கள். 1, 3, 5 என ஒற்றை வரிசைகளில் எல்லா விளிம்புகளும் வலப்பக்கம். 2, 4, 6 என இரட்டை வரிசைகளில் இடப்பக்கம். இந்த ஏற்பாடு இல்லாமல் மூலைகள் சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஏற்பாடு இருந்தால், இரண்டு வரிசைகளைச் சேர்த்து வைக்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த விளிம்புகள் ஒன்றையொன்று தட்டிப் பொருந்தும். விரலால் தடவினாலே, மேடு பள்ளமின்றி இறுக்கமாகப் பூட்டிக்கொள்வதை உணரலாம். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்துங்கள்.

அப்படியே பத்து வரிசைகளையும் இணையுங்கள். இரண்டிரண்டாக இணைத்து, பிறகு அந்த இணைகளை இணைப்பது ஒவ்வொரு வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போவதைவிட நல்லது. கையில் எடை குறைவு, துணி இழுபடுவதும் குறைவு. ஒரு வரிசை மற்றொன்றைவிட 1/8 அங்குலம் நீளமாக இருந்தால், குண்டூசிகளுக்கு நடுவே மெதுவாகத் தளர்த்திச் சரிக்கட்டலாம். நீளமான வரிசையை அடியில் வைத்துத் தைத்தால், இயந்திரத்தின் பற்களே கூடுதல் துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முடிந்த மேல்துணி 36 1/2க்கு 45 1/2 அங்குலம் இருக்கும். வெளிவிளிம்பைச் சுற்றி 1/8 அங்குலத்தில் ஒரு சுற்றுத் தைத்துவிடுங்கள். ரிவர்ஸ் போடாத தையல்கள் விளிம்பில் பிரியாமல் இருக்க இது உதவும்.

மூன்றையும் விரித்து இணைத்தல்

பலருக்கும் பிடிக்காத கட்டம் இது. முதுகு வலிக்கும், முழங்கால் வலிக்கும். அதனாலேயே அவசரப்பட்டு முடிக்கிறார்கள், பிறகு பின்பக்கத்துச் சுருக்கங்களைப் பார்த்து வருந்துகிறார்கள்.

பஞ்சு விரிப்பு பற்றி முதலில் ஒரு வார்த்தை. பருத்தி விரிப்பு மெல்லியதாக, தட்டையாகப் படியும். துவைத்தால் சற்றுச் சுருங்கி, பழைய போர்வையின் மென்மையான சுருக்கங்களைக் கொடுக்கும். பாலியஸ்டர் இலேசானது, புசுபுசுவென்று எழும்பும், சீக்கிரம் காயும். கம்பளி அதிக வெதுவெதுப்பைத் தரும். முதல் முறை மெல்லிய பருத்தி அல்லது பருத்தி கலந்தது வாங்குங்கள். தடித்த விரிப்பு ஊசிக்கு அடியில் நழுவும். உறையில் ஓர் அளவு அச்சிட்டிருப்பார்கள்: தையல் கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது அது. அதை மீறினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து கட்டியாகிவிடும். நாம் தைக்கப்போகும் முறையில் இடைவெளி 4 அங்குலம் வரை இருக்கும். அதற்கு இடம் தரும் விரிப்பையே வாங்குங்கள்.

அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். விரிப்பை முந்தைய நாளே உறையிலிருந்து எடுத்து விரித்துப் போட்டால் மடிப்புகள் தளரும்.

சுத்தமான தரையில் அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். சுருக்கம் இருக்கக் கூடாது. விறைப்பாக இழுக்கவும் கூடாது. இழுத்து ஒட்டினால், நாடாவை எடுத்ததும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பி மேல்துணியைக் கொசுவிவிடும். அதன் மேல் பஞ்சு. நடுவிலிருந்து வெளிப்பக்கம் உள்ளங்கையால் நீவுங்கள். அதன் மேல் மேல்துணி, நல்ல பக்கம் மேலே. மீண்டும் நீவுங்கள்.

இப்போது நடுவில் தொடங்கி ஊக்குகளைக் குத்துங்கள். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது அதற்கு அடியில் வரவேண்டும்; சுமார் 4 அங்குலத்துக்கு ஒன்று. தைக்கப்போகும் கோடுகளைத் தவிர்த்து, சதுரங்களின் நடுப்பகுதியில் குத்துங்கள். ஊக்குக்குப் பதிலாக நீண்ட ஓட்டுத் தையலால் தற்காலிகமாக இணைக்கலாம். கையால் குவில்டிங் செய்பவர்களுக்கு அதுவே வசதி. தெளிக்கும் பசையும் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால் சன்னல்களைத் திறந்துவையுங்கள்.

நாடாவை எடுத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அடித்துணியில் மடிப்பு இருந்தால் அந்த இடத்து ஊக்குகளை எடுத்துச் சரிசெய்யும் கடைசி வாய்ப்பு இதுதான்.

குவில்டிங்

கையேடுகள் பலவும் சதுரங்களின் தையல் பள்ளத்திலேயே தைக்கச் சொல்லும், எளிது என்று. நான் உடன்படமாட்டேன். பள்ளத்தை விட்டு ஊசி ஒரு இழை விலகினாலும் பளிச்சென்று தெரியும். பதிலாக, ஒவ்வொரு தையல் பள்ளத்துக்கும் இருபுறமும் கால் அங்குலம் தள்ளி ஒரு கோடு தையுங்கள். ஃபுட்டின் ஓரம் பள்ளத்தை ஒட்டிப் போனால் போதும். கோடு வரைய வேண்டியதே இல்லை, சிறு நெளிவுகளும் கண்ணில் படாது.

முதலில் மீந்த துணியிலும் பஞ்சிலும் ஒரு சிறிய மூன்றடுக்குத் துண்டு செய்து சோதித்துப் பாருங்கள். தையல் நீளம் 3 மி.மீ. பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூலின் இறுக்கத்தைக் குறையுங்கள். அடியில் மேல்நூல் தளர்ந்து கண்ணிகளாகத் தெரிந்தால் இறுக்கத்தைக் கூட்டுங்கள்.

நடுக்கோட்டிலிருந்து தொடங்குங்கள். நீளவாட்டில் நடுவில் உள்ள தையலின் இருபுறமும் தைத்துவிட்டு, அங்கிருந்து வலப்பக்கம், பிறகு திருப்பி இடப்பக்கம். அதன் பின் குறுக்குக் கோடுகள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால், தள்ளப்பட்ட துணி எல்லாம் நடுவில் மடிப்பாகத் தேங்கும். அருகருகே உள்ள கோடுகளுக்கு நடுவே துணி மூலைவாட்டில் இழுபடுவதுபோல் தெரிந்தால், எல்லாக் கோடுகளையும் ஒரே திசையில் தைத்துப் பாருங்கள். ஊசி நெருங்கும் முன் ஊக்கை எடுத்துவிடுங்கள். ஊக்கின் மேல் தைத்தால் ஊசி உடைந்து முகத்தில் தெறிக்கலாம்.

கோடு கோணலாவதற்கும் தையல் சிறுத்துப்போவதற்கும் பெரும்பாலும் கையைக் குற்றம் சொல்கிறோம். உண்மையான காரணம் எடை. மேசையின் விளிம்பிலிருந்து தொங்கும் குவில்ட் ஊசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இயந்திரத்தின் இடப்பக்கமும் பின்பக்கமும் மேசையோ நாற்காலியோ போட்டு, முழு எடையையும் தாங்கவையுங்கள். வேகத்தைக் குறையுங்கள்.

கையால் செய்ய விரும்பினால்: குட்டையான குவில்டிங் ஊசி, 9ஆம் எண் (இதில் எண் கூடினால் ஊசி சிறியது), 45 செ.மீ. நூல், நடுவிரலுக்கு விரலுறை. நுனியில் சிறு முடிச்சுப் போட்டு, தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் ஊசியை நுழைத்து, பஞ்சின் வழியே கொண்டுவந்து வெளியே எடுத்து, வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். துணியைப் பிடித்திருக்கும் வளையத்தில் மாட்டும்போது அது சற்றுத் தொய்வாகவே இருக்கட்டும். விறைப்பாக இருந்தால் ஊசியை மேலும் கீழும் ஆட்டி இரண்டு மூன்று தையல்களை ஒரே மூச்சில் எடுக்க முடியாது. அங்குலத்துக்கு 8, 10 தையல்கள் போடும் தேர்ந்தவர்கள் உண்டு. தொடங்குபவருக்கு 4 அல்லது 5 தாராளம். அளவு சிறியதா என்று பார்க்காதீர்கள், சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கோடு வரையும் பேனாக்களை மீந்த துணியில் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். நீரில் மறையும் மையின் மேல் இஸ்திரி பட்டால் நிரந்தரமாகிவிடலாம். சூட்டில் மறையும் மை குளிரில் மீண்டும் தலைகாட்டும்.

ஓரப்பட்டி

மூன்று அடுக்கையும் மேல்துணியின் விளிம்போடு நேராக நறுக்குங்கள். மூலைகள் செங்குத்தாக இருக்க வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு வாட்டிலும் அளந்து பாருங்கள்; இரண்டும் சமமாக இருந்தால் சரி.

சுற்றளவு ஏறக்குறைய 162 அங்குலம். மூலைகளுக்கும் இணைப்புக்கும் சேர்த்து 175 அங்குலம் தேவை. இரண்டரை அங்குல அகலத்தில் 5 பட்டைகள் வெட்டுங்கள். நேர் ஓரங்களுக்குக் கிராஸ் பட்டை தேவையில்லை. பட்டைகளை மூலைவாட்டில் இணையுங்கள், அப்போதுதான் இணைப்பு ஒரே இடத்தில் தடிக்காது. நீளவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள்.

குவில்டின் நல்ல பக்கத்தில், ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். பட்டையின் முதல் 8 அங்குலத்தைத் தைக்காமல் விடுங்கள். பட்டையின் திறந்த விளிம்பும் குவில்டின் விளிம்பும் சேர, கால் அங்குலத்தில் தைத்துக்கொண்டே போங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, நூலை வெட்டுங்கள். பட்டையை மேல்நோக்கி மடியுங்கள். மூலையில் 45 பாகைச் சாய்வு உருவாகும். அதைக் கலைக்காமல் பட்டையைக் கீழ்நோக்கி மடித்து, மடிப்பு மேல் விளிம்போடு சமமாக இருக்கும்படி வைத்து, விளிம்பிலிருந்தே அடுத்த பக்கத்தைத் தையுங்கள். படிக்கும்போது குழப்பமாக இருக்கும். ஒரு தாள் பட்டையை மேசை மூலையில் வைத்து மடித்துப் பார்த்தால் உடனே புரிந்துவிடும்.

தொடங்கிய இடத்துக்கு 10 அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு, சரியாக இரண்டரை அங்குலம் மேற்படியும்படி வெட்டுங்கள். அதாவது பட்டையின் விரிந்த அகலத்துக்குச் சமமாக. முனைகளை விரித்து, நல்ல பக்கங்கள் சேர, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, மூலைவாட்டில் தையுங்கள். கூடுதல் துணியை வெட்டும் முன், பட்டை முறுக்கிக்கொள்ளாமல் படிகிறதா என்று விரித்துப் பார்ப்பது அவசியம். பிறகு மிச்ச இடைவெளியைத் தைத்து மூடுங்கள்.

பட்டையைப் பின்பக்கம் திருப்பி, தையல் கோட்டை மறைக்கும்படி வைத்து, கையால் ஹெம்மிங் செய்யுங்கள். ஊசி அடித்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும். மேல்துணிக்கு வரக் கூடாது. பொறுமை இல்லாதவர்கள் பட்டையை முதலில் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் திருப்பி இயந்திரத்தாலேயே தைத்துவிடலாம். அடிக்கடி துவைக்கப்போகும் குழந்தைப் போர்வைக்கு அது உறுதியும்கூட.

பின்பக்க மூலையில் ஒரு சிறு துணித் துண்டில் உங்கள் பெயரும் ஆண்டும் எழுதித் தைத்துவையுங்கள்.

துவைப்பதும் அடுத்ததும்

குளிர்ந்த நீர், மிதமான சோப்பு. முதல் துவைப்பில் சாயம் உறிஞ்சும் தாள் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். ஈரமான குவில்ட் மிகவும் கனக்கும். கொடியில் ஒரே இடத்தில் தொங்கவிட்டால் தையல் இழுபடும் என்பதால் தட்டையாக விரித்து உலர்த்துங்கள். பருத்தி விரிப்பு சுருங்கி எழும் மெல்லிய சுருக்கங்கள், சேராத மூலைகளையும் நெளிந்த கோடுகளையும் பெருமளவு மறைத்துவிடும். ஆகவே துவைக்கும் முன் குவில்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எடுத்துவைக்கும்போது பிளாஸ்டிக் பையைத் தவிருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு வாட்டில் மடித்து வையுங்கள்.

இரண்டாவது குவில்டுக்கு ஒன்பது சதுரக் கட்டம் நல்ல தேர்வு. அதன் பின் அரைச் சதுர முக்கோணங்கள், அதாவது இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து ஒரு சதுரமாகும் கட்டங்கள். முக்கோணத்துக்கு வந்ததும் கிராஸ் விளிம்பு நீளத் தொடங்கும், எனவே முக்கோணமாக வெட்டித் தைக்காதீர்கள். இரண்டு சதுரங்களை நல்ல பக்கங்கள் சேர வைத்து, மூலைவாட்டில் ஒரு கோடு வரைந்து, அதன் இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்து, பிறகு கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு கட்டங்கள் கிடைக்கும். முடிந்த அளவு 4 அங்குலம் வேண்டுமென்றால் கணக்குப்படி 4 7/8 அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும். நான் 5 அங்குலமாகவே வெட்டி, தைத்து அழுத்திய பின் நான்கரை அங்குலத்துக்கு நறுக்கிக்கொள்கிறேன். கொஞ்சம் துணி வீணாகும். கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் நிற்கும்.